கையில் இரண்டு நியமனக் கடிதங்கள்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் வேலை தர முன்வரும்போது சம்பளத்தை எப்படிப் பேசுவது, எதுவரை பேசலாம் என்பதே அது. எனவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்தும் சுருக்கியும் வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் கோவையில் ஆறு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். இப்போதைய சி.டி.சி. (நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 11 லட்சம். சென்னை நிறுவனம் ஒன்று 18 லட்சமும், பெங்களூரு நிறுவனம் ஒன்று 21 லட்சமும் தருவதாகக் கடிதம் அனுப்பியுள்ளன. பெற்றோரின் உடல்நிலை காரணமாக எனக்குச் சென்னைதான் விருப்பம். பெங்களூருக் கடிதத்தைக் காட்டி, சென்னை நிறுவனத்தையும் 21 லட்சம் தரச் சொல்லலாமா? கேட்டால் ஆஃபரையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று அச்சமாக இருக்கிறது. இரண்டு சம்பளப் பட்டியல்களையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பட்டியல்களை இணைத்தது நல்லதாயிற்று, ஏனெனில் அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நீங்கள் நினைப்பது போல இரண்டுக்கும் இடையே மூன்று லட்ச ரூபாய் வித்தியாசம் இல்லை. பெங்களூரு நிறுவனத்தின் 21 லட்சத்தில் ஒன்றரை லட்சம் ஜாயினிங் போனஸ்; அது முதல் ஆண்டோடு முடிந்துவிடும். மூன்று லட்சம் வேரியபிள். அது நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் மேலாளர் தரும் மதிப்பீட்டையும் பொறுத்தது. இரண்டையும் கழித்தால் நிலையான பகுதி 16.5 லட்சம். சென்னைக் கடிதத்தில் வேரியபிள் ஒரு லட்சம் மட்டுமே என்பதால் அங்கே நிலையான பகுதி 17 லட்சம். உறுதியாகக் கிடைக்கும் தொகையில் சென்னைதான் அரை லட்சம் முன்னால் நிற்கிறது.

இதற்குள்ளும் இன்னொரு கணக்கு இருக்கிறது. இரண்டு கடிதங்களுமே நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கையும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையையும் சி.டி.சி.க்குள் சேர்த்திருக்கின்றன. சென்னை நிறுவனம் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பி.எஃப். கட்டுகிறது, உங்கள் அடிப்படைச் சம்பளம் 8.5 லட்சம் என்பதால் அது ஆண்டுக்கு 1.02 லட்சம், அதே அளவு தொகை உங்கள் சம்பளத்திலிருந்தும் பிடிக்கப்படும். பெங்களூரு நிறுவனமோ சட்டப்படியான உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும், அதாவது மாதம் 1,800 ரூபாய் வீதம், கட்டுகிறது. காப்பீட்டு பிரீமியம் 25,000 ரூபாயையும் சி.டி.சி.யில் நுழைத்திருக்கிறது. இவற்றோடு அடிப்படைச் சம்பளத்தில் சுமார் 4.81 சதவீதமாகிய கிராஜுவிட்டியையும் கழித்துப் பார்த்தால், வருமான வரிக்கு முன் மாதந்தோறும் கைக்கு வருவது சென்னையில் ஏறக்குறைய 1,21,000 ரூபாய், பெங்களூரில் 1,28,500 ரூபாய். கையில் வருவது பெங்களூரில் கூடுதலாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு 2.04 லட்சம் உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்வது சென்னையில். பெங்களூரில் சேர்வது 43,200 ரூபாய் மட்டுமே. கைக்கு வருவதையும் பி.எஃப். சேமிப்பையும் கூட்டினால் சென்னை ஆண்டுக்குச் சுமார் 74,000 ரூபாய் முன்னால் இருக்கிறது.

இனி வேரியபிளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறுவனங்களும் அதை முழுமையாகக் கொடுத்தால், ஜாயினிங் போனஸ் நீங்கலான ஒரு வழக்கமான ஆண்டில் பெங்களூரு ஒன்றேகால் லட்சம் முன்னால் போகும். இரண்டுமே பாதிதான் கொடுத்தால் அந்த முன்னிலை 26,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஆகவே உண்மையான இடைவெளி, நல்ல ஆண்டிலேயே, ஒன்றேகால் லட்சம்தான். நீங்கள் 21 லட்சம் கேட்டால், கடிதங்களைப் பிரித்துப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட ஹெச்.ஆர். அதிகாரி "அந்த 21 லட்சத்தில் நிலையானது எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியில் உங்களை நிறுத்திவிடுவார். நிலையான பகுதியை 17-லிருந்து 18.5 லட்சமாக உயர்த்தக் கேட்பதே பொருத்தம். அந்தத் தொகைக்கு உங்களிடம் கணக்கு இருக்கிறது. மறுபுறத்தில் இருப்பவர் அதைத் தம் மேலதிகாரியிடம் எடுத்துச் சென்று நியாயப்படுத்தவும் முடியும்.

பேரத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். உங்களோடு பேசும் ஹெச்.ஆர். அதிகாரிக்குத் தாமாகவே தொகையை உயர்த்தும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒவ்வொரு பதவி நிலைக்கும் ஒரு சம்பள வரம்பு வகுக்கப்பட்டிருக்கும். அதன் உச்சத்தை நெருங்கவோ தாண்டவோ வேண்டுமானால், உங்களைத் தேர்ந்தெடுத்த துறை மேலாளர் பரிந்துரைத்து, அதற்கு மேலிருப்பவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்டு வாங்கிய பிறகு நீங்கள் வராமல் போனால் இருவருக்கும் தலைகுனிவு. ஆகவே அவர்கள் முதலில் அறிய விரும்புவது, "இதைக் கொடுத்தால் இவர் உறுதியாக வந்து சேருவாரா?" என்பதையே. அந்த உறுதியைத் தரக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். அதையே உங்கள் கோரிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள். முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். "எனக்கு வேறொரு நிறுவனத்திலிருந்தும் கடிதம் வந்துள்ளது, அதன் பதில் நாள் இந்த மாதம் 20. பணியையும் ஊரையும் கருதி உங்கள் நிறுவனத்தில் சேரவே விரும்புகிறேன். நிலையான பகுதியை 18.5 லட்சமாகத் திருத்தித் தந்தால், திருத்திய கடிதம் வந்த அன்றே கையெழுத்திட்டு, மற்ற நிறுவனத்துக்கும் மறுப்பைத் தெரிவித்துவிடுவேன்." இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. பெற்றோரின் உடல்நிலை, வீட்டுக் கடன், நண்பர் வாங்கும் சம்பளம் ஆகியவற்றை இதில் கொண்டுவர வேண்டாம். உங்களுக்குச் சென்னையை விட்டு வேறு வழியில்லை என்பதை நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

அவர்கள் நிலையான பகுதியில் அசையாவிட்டால், ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸையோ, நோட்டீஸ் காலம் முடியும் முன் விலகினால் இப்போதைய நிறுவனத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகையை அவர்கள் ஏற்பதையோ கேட்கலாம். அவை ஆண்டுதோறும் தொடரும் செலவல்ல என்பதால் ஒப்புதல் எளிதில் கிடைக்கும். ஆனால் ஜாயினிங் போனஸ் ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டிய நிபந்தனையோடுதான் பெரும்பாலும் வரும். நீங்கள் வரி பிடித்தம் போக வாங்கிய தொகையை, பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையாகத் திருப்பிக் கேட்கும் கடிதங்களும் உண்டு. அந்த நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ஆஃபரைத் திரும்பப் பெறுவார்களோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். கையெழுத்திடும் முன், மரியாதையாக, ஒரே முறை, ஒரே தொகையைக் கேட்பவரை நிறுவனங்கள் பொதுவாக விரட்டுவதில்லை; நேர்முகத் தேர்வுகளுக்கே அவர்கள் நிறையச் செலவிட்டிருக்கிறார்கள். சம்மதித்த பின் மறுபடி கேட்பதும், இன்று மாலைக்குள் பதில் வேண்டும் என்று மிரட்டுவதும்தான் கதவை மூடச் செய்யும். அவர்கள் முடியாது என்று சொன்னால் 18 லட்சத்திலேயே சேருவீர்களா என்பதை, தொலைபேசியை எடுக்கும் முன்பே நீங்கள் முடிவு செய்துவிட வேண்டும். என் கணிப்பில், பெங்களூரில் ஆகும் வீட்டு வாடகையையும் அங்கிருந்து மாதத்துக்கு இரு முறை ஊருக்கு வந்துபோகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் சேரவே செய்வீர்கள்.

கேள்வி: இன்னொரு ஆஃபர் இருப்பதாகச் சொன்னதும், "அந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்த பிறகே பேச முடியும்" என்கிறார் ஹெச்.ஆர். அனுப்புவது முறையா? வாய்மொழியாகச் சொன்ன தொகையைச் சற்றே கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.
— வாசகி, சென்னை

பதில்: நம் நாட்டில் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது, கேட்பதில் சட்டப் பிழையும் இல்லை. ஆனால் உங்கள் கையிலுள்ள கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் இரகசியக் காப்பு நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், "இது வெளியில் பகிரக் கூடாத ஆவணம், தொகையையும் பதில் நாளையும் எழுத்தில் உறுதிப்படுத்துகிறேன்" என்று பதில் எழுதுங்கள். அந்தப் பதில் உங்கள் மதிப்பைக் குறைக்காது. நாளை தங்கள் கடிதத்தையும் இவர் வெளியில் காட்டமாட்டார் என்று அவர்களுக்கே புரியும். நிபந்தனை இல்லாவிட்டால், நிறுவனத்தின் பெயரையும் அதிகாரிகளின் பெயர்களையும் மறைத்துச் சம்பளப் பக்கத்தை மட்டும் அனுப்பலாம்.

கூட்டிச் சொன்ன தொகைதான் சிக்கல். கடிதம் கேட்கப்படும் என்று எதிர்பாராமல் சொல்லியிருப்பீர்கள். இப்போது கடிதத்தில் எண்ணை மாற்றி அனுப்பும் எண்ணம் மனத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் போலி ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால், வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆன பிறகும் நீக்கலாம் என்ற வரி ஏறக்குறைய எல்லா நியமனக் கடிதங்களிலும் இருக்கிறது. "நான் சொன்ன தொகை வேரியபிளும் போனஸும் சேர்ந்தது, நிலையான பகுதி இவ்வளவு" என்று திருத்திச் சொல்வது, அது உண்மையாக இருக்கும் பட்சத்தில், கௌரவமான வழி. அப்படியும் பொருந்தாவிட்டால் தவறாகச் சொல்லிவிட்டதாகக் கூறிச் சரியான எண்ணைக் கொடுங்கள். சில நிமிடச் சங்கடத்தோடு அது முடிந்துவிடும்.

கையில் இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லலாமா என்று கேட்டு வேறு சிலரும் எழுதியிருக்கிறீர்கள். "அப்படியானால் அங்கேயே சேருங்கள், வாழ்த்துகள்" என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 90 நாள் நோட்டீஸ். ஒரு நிறுவனத்தில் 16 லட்சத்துக்குப் பேசி, நான் கேட்ட உயர்வையும் பெற்று, சம்மதக் கையெழுத்தும் போட்டுவிட்டு, இங்கே ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் காலம் பாதி கடந்த நிலையில் வேறொரு நிறுவனம் 20 லட்சம் தருகிறது. இடையே இப்போதைய நிறுவனமும் "இருந்துவிடு, 17 தருகிறோம்" என்கிறது. சேரும் நாள் வரை மூன்றையும் கையில் வைத்திருக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: நண்பர்கள் சொல்வது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற கதைதான். 90 நாள் நோட்டீஸ் என்ற வழக்கமே இந்தச் சந்தையைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருப்பவரை, விரைவில் வந்து சேருவார் என்பதற்காகவே நிறுவனங்கள் தேடிப்பிடித்து அழைக்கின்றன. அந்த அழைப்புக்குப் பதில் சொல்வதால்தான் இரண்டாவதும் மூன்றாவதும் ஆஃபர்கள் முளைக்கின்றன. நிறுவனங்களும் ஒன்றும் புனிதமானவை அல்ல. கடிதம் கொடுத்துவிட்டுச் சேரும் நாளை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டதை 2022-லும் 2023-லும் புதிதாகப் படித்து வந்த பிள்ளைகள் நிறையவே அனுபவித்தார்கள்.

சட்டத்தின் பார்வையில், ஏற்றுக்கொண்டும் சேராமல் போவதற்கு, கடிதத்தில் அதற்கென நிபந்தனை எதுவும் இல்லாதவரை, பெரும்பாலும் பின்விளைவு ஏதும் இராது. ஆயினும் உங்கள் விஷயத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது: நீங்கள் உயர்வு கேட்டு, அவர்கள் அதைக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்காக ஒப்புதல் கேட்ட துறை மேலாளர் ஒருவர் அங்கே இருக்கிறார். இத்துறையில் ஆள்கள் நிறுவனம் மாறிக்கொண்டே இருப்பதால் ஐந்தாண்டுகளில் அவரை வேறெங்காவது நேர்முகத் தேர்வு மேசையின் மறுபுறத்தில் நீங்கள் சந்திக்க நேரலாம். நான்கு லட்ச வித்தியாசம், மேலே கோவை வாசகருக்குச் சொன்ன முறையில் பிரித்துப் பார்த்த பிறகும் பெரிதாகவே இருந்து, வேலையும் மேலானதாக இருந்தால், போவது உங்கள் உரிமை; ஆனால் இந்த வாரமே அவர்களிடம் தொலைபேசியில் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் தெரிவித்துவிடுங்கள். அவர்களுக்கு வேறு ஆளைத் தேட இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. 20 லட்சத்தைக் காட்டி அவர்களிடம் இன்னொரு முறை உயர்வு கேட்க வேண்டாம். ஒரு முறை பேசி முடித்த பேரத்தை மறுபடி திறப்பவர் மீது, தொகை கிடைத்தாலும், நம்பிக்கை மிஞ்சாது.

இப்போதைய நிறுவனத்தின் 17 லட்சத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கண்ட பிறகு நினைவுக்கு வந்த உயர்வு அது. நீங்கள் விலக நினைத்த காரணம் சம்பளம் மட்டுமே என்றால் பரிசீலிக்கலாம். வேறு காரணமும் இருந்ததென்றால் அது அங்கேயேதான் இருக்கும்.

எந்தப் பக்கம் போனாலும், ரிலீவிங் கடிதத்தையும் இறுதிக் கணக்கையும் ஒழுங்காக வாங்கிக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் பழைய வழக்கத்துக்கு இனி நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு ஸ்டார்ட்அப் 14 லட்சம் சம்பளமும் 10 லட்சம் மதிப்புள்ள இ.எஸ்.ஓ.பி. பங்குகளும் (ஊழியர் பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் பங்குரிமை) தருகிறது. பெரிய நிறுவனம் ஒன்று 19 லட்சம் தருகிறது. 24 லட்சமா, 19 லட்சமா?
— வாசகர், சென்னை

பதில்: 24 லட்சம் என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அந்த 10 லட்சம் ஓராண்டுக்குரியதா, நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்தா என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்குத்தான் இருக்கும். அப்படியானால் ஆண்டுக்கு 2.5 லட்சம், மொத்தம் 16.5. நம் கம்பெனிச் சட்ட விதிகளின்படி, வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழியாமல் அந்தப் பங்குரிமை உங்களுக்கு வந்து சேராது. எனவே பத்தாவது மாதத்தில் விலகினால் கையில் ஒன்றுமில்லை.

பின்னர் வரி இருக்கிறது. உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கும் நாளில், அதன் சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகவே கருதப்பட்டு வரி விதிக்கப்படும். விற்கும்போது வரும் லாபத்துக்குத் தனியாக மூலதன ஆதாய வரி. பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை விற்க ஆள் இல்லாத நிலையிலும், முதலில் சொன்ன வரியைக் கையிலிருந்து கட்ட நேரிடலாம். அரசு வரையறுத்த சில ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும் அதைத் தள்ளிவைக்கும் சலுகை உண்டு. எத்தனை பங்குகள், நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, வாங்கும் விலை என்ன, வேலையை விட்ட பின் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் 10 லட்சத்தைச் சுழியம் என்றே கணக்கிட்டு முடிவெடுங்கள். பெரிய நிறுவனத்தின் கடிதத்தை வைத்துப் பேரம் பேசுவதானால் பங்கைக் கூட்டக் கேட்க வேண்டாம். ரொக்கச் சம்பளத்தை ஆண்டுக்கு 16 லட்சமாக்கக் கேளுங்கள். ஸ்டார்ட்அப்கள் காகிதத்தில் தாராளமாக இருக்கும்; ரொக்கத்தில் எவ்வளவு அசைகிறார்கள் என்பதில்தான் உங்கள் மீதுள்ள மதிப்பும் அவர்களின் கையிருப்பும் தெரியும்.

கேள்வி: என் மகள் இறுதியாண்டு பொறியியல் மாணவி. கல்லூரி வளாகத் தேர்வில் ஒரு நிறுவனமும், வெளியில் தானாக விண்ணப்பித்து இன்னொன்றும் கிடைத்துள்ளன. முதல் நிறுவனம் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டு கேட்கிறது. இதில் பேரம் பேச இடமுண்டா? பாண்டு செல்லாது என்கிறார்களே?
— தந்தை, திருநெல்வேலி

பதில்: சம்பளத்தில் பெரும்பாலும் இடமில்லை ஐயா, வளாகத் தேர்வில் ஒரே பதவிக்கு எடுக்கும் அனைவருக்கும் பொதுவாக ஒரே தொகைதான். பணியிடம், சேரும் நாள், எந்தப் பிரிவு என்பதை வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். பல கல்லூரிகளில் ஒருவருக்கு ஒரு வேலை என்ற விதி இருப்பதால், வெளியில் கிடைத்ததை ஏற்கும் முன் வேலைவாய்ப்பு அலுவலரிடம் மகளே நேரில் சொல்லிவிடட்டும். அந்த இடம் இன்னொரு மாணவருக்குப் போகும்.

பாண்டு செல்லாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் வேறு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆனால் குறைந்தபட்சக் காலம் பணியாற்றாவிட்டால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் அடங்காது என்று, விஜயா வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அங்கே மூன்றாண்டு நிபந்தனையும் இரண்டு லட்ச ரூபாயும் ஏற்கப்பட்டன. பொதுத் துறை வங்கி ஒன்றுக்கு ஆள் தேர்வில் ஆகும் செலவையும் அந்த ஊழியரின் பதவியையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது; குறைந்த சம்பளத்தில் சேரும் புதியவரிடம் ஒரு தனியார் நிறுவனம் கேட்கும் தொகையும் அதே போல் நியாயமானதா என்பது தனியே வாதிட வேண்டிய விஷயம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதப்பட்ட தொகை எதுவாயினும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பெற முடியாது என்கிறது. வழக்காடிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் கையெழுத்திடுவதை விட, இரண்டு ஆண்டுகள் இருக்கும் எண்ணம் மகளுக்கு உண்டா என்று இப்போதே கேட்டுவிடுவது மேல்.

மற்ற கடிதத்தில் பாண்டு இல்லை என்றால், அதைச் சொல்லியே, தொகையைப் பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே வரும்படி எழுதித் தர முதல் நிறுவனத்திடம் கேட்கலாம். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். சான்றிதழ்களின் அசலைக் கேட்டால் மட்டும் எந்த நிலையிலும் கொடுக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரட்டும், நகலை வைத்துக்கொள்ளட்டும்.